ஊர்ப் பணமும் மாணவர் கல்வியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பிளவக்கல் திட்டத்தின் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு அண்மையில் அமைந்துள்ள கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு வெளியே நெடுங்காலம் பெரிதாக அறியப்படாத ஊர். 2025 ஜூன் மாதத்தில் அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் நீர்வளத்தைப் புகழ்ந்து வெளியிட்ட காணொளிகள் சில நாள்களுக்குள் தமிழகமெங்கும் பரவின. வெளியூர் வண்டிகள் அணையை நோக்கி வரத் தொடங்கின. அணைப் பகுதிக்குள் அனுமதி இல்லை என்று அலுவலர்கள் அறிவிக்க நேர்ந்தது. அதன்பின், பிளவக்கல் அணைப் பூங்காவை மேம்படுத்த மாநில அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியதாகச் செய்தி வெளியாயிற்று.

இச்செய்தியை அவ்வட்டாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பத்துக் கோடி யாருடைய பணம்? இதை இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? வந்து போனவர்கள் சாலையோரம் எறிந்துவிட்டுச் சென்ற தண்ணீர்ப் பாட்டில்களை அள்ளுவதற்கான கூலி எந்தக் கணக்கிலிருந்து போகும்? முதல் கேள்விக்கு ‘அரசாங்கப் பணம்’ என்று விடை வரும். இரண்டாவதற்கும் ‘அரசாங்கம்’ என்றே வரும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் விடை வராது. அம்மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. பெரியவர்களாகிய நம்மிடம் கேட்டாலும் விடை இதனினும் தெளிவாக இருக்கப் போவதில்லை.

உள்ளாட்சி அமைப்புகள் பொதுப் பணத்தை எவ்வாறு திரட்டுகின்றன, எவ்வாறு செலவிடுகின்றன என்பதை இளையோருக்கு எவ்விதம் கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது. மூன்றாம் கேள்விக்கு விடை தெரிந்த மாணவர் தலைமுறை ஒன்று உருவாகுமானால், ஊராட்சி மன்றத்தின் கதவைத் தட்டும் விதமே மாறிவிடும் என்பது நம் எண்ணம்.

பாடநூலில் உள்ளதும் இல்லாததும்

பாடத்திட்டத்தில் இப்பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி பற்றித் தனிப் பாடம் உண்டு. ஏழாம் வகுப்பில் வரியைப் பற்றியும், பத்தாம் வகுப்பில் அரசாங்கமும் வரிகளும் என்ற தலைப்பிலும் பாடங்கள் உள்ளன. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், நிலவரியிலிருந்து வரும் பங்கு என்று வருவாய் இனங்களின் பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர்.

ஆனால் அப்பட்டியலில் தொகை இல்லை. எந்த இனம் பெரிது, எது சிறிது என்னும் அளவு இல்லை. ஐந்து பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தால், ஐந்தும் ஏறத்தாழ ஒரே எடை உடையவை என்றே படிப்பவர் மனம் கொள்ளும். உண்மையில் அவற்றின் எடைகளுக்கிடையே மடுவுக்கும் மலைக்குமான வேறுபாடு உண்டு. தேர்தல், பதவிக்காலம், இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றி நாம் நன்றாகவே கற்பிக்கிறோம். பணத்தைப் பற்றி மட்டும் பெயர்ச்சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கே நினைவுகூரலாம். 1882 மே 18-ஆம் நாள் ரிப்பன் பிரபுவின் அரசு வெளியிட்ட தலத் தன்னாட்சித் தீர்மானம், நிர்வாகம் சிறப்படையும் என்பதற்காக மட்டும் உள்ளாட்சியை முன்வைக்கவில்லை. மக்கள் அரசியல் கல்வி பெறுவதற்கான கருவி அது என்பதையே முதன்மைக் காரணமாகக் கூறியது. அந்நிய ஆட்சியாளரின் நோக்கங்களைப் பற்றி நமக்கு ஐயங்கள் இருக்கலாம். ஆனால் உள்ளாட்சியே ஒரு பள்ளிக்கூடம் என்று அன்று சொல்லப்பட்டது. இன்று நாம் பள்ளிக்கூடத்துக்குள் உள்ளாட்சியை ஒரு பாடமாக்கி, கதவையும் சாத்திவிட்டோம்.

ரசீதிலிருந்து தொடங்குதல்

முதல் பாடத்துக்குப் புத்தகம் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் உள்ள கடைசி வரி ரசீதைக் கொண்டுவந்தால் போதும். ரசீதின் தலைப்பில் என்ன அச்சிடப்பட்டுள்ளது என்று பார்ப்பதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். வத்திராயிருப்பு வட்டாரத்தில் வத்திராயிருப்பு, வ.புதுப்பட்டி, எஸ்.கொடிக்குளம், சுந்தரபாண்டியம் ஆகியவை பேரூராட்சிகள். அவற்றைச் சூழ்ந்து, வத்திராயிருப்பு ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. ஒரே பெஞ்சில் அமரும் இருவரில் ஒருவருடைய ரசீதில் ‘சொத்து வரி’ என்றும் மற்றவருடையதில் ‘வீட்டு வரி’ என்றும் இருக்கக்கூடும். முன்னது 1998-இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின்படி. பின்னது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி.

இவ்வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. ஊராட்சியில் வாழ்பவருக்குக் கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதன் உறுப்பினர். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய அச்சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறு முறை கூட வேண்டும் என அறிவிக்கப்பட்டது. பேரூராட்சியில் வாழ்பவருக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கென வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-இல்தான் விதிகளில் இடம்பெற்றன. ஒரு தெருவைக் கடந்தால் கேள்வி கேட்கும் இடமே மாறிவிடுகிறது. இதை அறியாத ஒருவர் தவறான வாசலில் நின்று கொண்டிருப்பார்.

சோப்புக் கட்டியும் பத்துக் காசும்

வரி என்றதும் வீட்டு வரியை மட்டுமே நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊன்றியுள்ளது. ‘நாங்கள் குடிசையில் இருக்கிறோம், வரி கட்டுவதில்லை’ என்று ஒரு மாணவர் கூறுவாரானால், அவரையே கடைக்கு அனுப்பி ஒரு சோப்புக் கட்டி வாங்கி வரச் செய்யலாம். அடக்க விலை 40 ரூபாய் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கான சரக்கு மற்றும் சேவை வரி ஐந்து விழுக்காடு. ஆகவே வரி இரண்டு ரூபாய். அதில் ஒரு ரூபாய் மத்திய அரசுக்கு, ஒரு ரூபாய் மாநில அரசுக்கு. தமிழக அரசு தன் நிகரச் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து வந்திருக்கிறது. அப்படியானால் மாநிலத்துக்குச் சென்ற ஒரு ரூபாயில் பத்துக் காசு உள்ளாட்சிகளுக்குத் திரும்புகிறது. அந்தப் பத்துக் காசு நகரம், ஊரகம் என்று பிரிந்து, ஊரகப் பங்கு மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என மூன்றாகப் பிரிந்து, கடைசியில் ஊராட்சியின் வங்கிக் கணக்கில் ஒரு துளியாக விழுகிறது. குடிசையில் வாழும் அம்மாணவரும் வரி செலுத்துபவரே. அவர் ஊர்த் தெருவிளக்கில் அவருடைய துளியும் எரிகிறது.

இன்னொரு வழியும் உண்டு. தமிழகத்தில் நிலம் விற்கும்போது செலுத்தப்படும் ஏழு விழுக்காடு முத்திரைத் தீர்வையில் இரண்டு விழுக்காடு, உள்ளாட்சிகளுக்கு உரிய கூடுதல் தீர்வை. பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள மனை ஒன்று கைமாறினால் 20,000 ரூபாய். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் வீட்டு வரிக்காக ஊராட்சிச் செயலரோடு வாதிடும் நாம், பத்திரப் பதிவு நாளில் இத்தொகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அது உள்ளாட்சிக்கு உரியது என்பதே பலருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு விகிதம் என்ன என்று கேட்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் ஊராட்சி அமைப்புகளின் நிதி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுமைக்குமான சராசரியில், ஊராட்சிகளின் வருவாயில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 ரூபாய் மத்திய அரசின் மானியம். 15 ரூபாய் மாநில அரசின் மானியம். ஊராட்சிகள் தாமே விதித்துத் திரட்டும் வரி ஒன்றிரண்டு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறுபடும். ஆயினும் 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் கிடைத்த எண் இது. வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு வழங்கலாம் என்று 243எச் பிரிவு கூறுகிறது. அதிகாரம் வழங்கப்பட்டது, பணம் மேலிருந்தே வருகிறது.

இவ்விடத்தில்தான் கல்வியின் பணி தொடங்குகிறது என்று நாம் கருதுகிறோம். தன் கையால் கொடுத்த பணத்துக்கு மனிதன் கணக்குக் கேட்கிறான். மேலிருந்து வந்த பணத்தை அவன் கொடையாகக் காண்கிறான். கொடைக்குக் கணக்குக் கேட்பது நன்றியின்மை என்று நினைக்கிறான். சாலை போட்டுத் தந்தவருக்கு மாலை போடுகிறான். சோப்புக் கட்டியிலிருந்து அந்தச் சாலைவரை பணம் சென்ற பாதையை ஒருமுறை தாளில் வரைந்து பார்த்த மாணவர், சாலைத் திறப்பு விழாவை வேறு கண்ணோடு பார்ப்பார்.

ஒரு கற்பனை ஊராட்சியின் கணக்கு

பாதை புரிந்தபின் கணக்குப் போட வேண்டும். கணித ஆசிரியரும் இதில் பங்கு கொள்ளலாம். 800 வீடுகள் கொண்ட கற்பனை ஊராட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் அனைத்தும் பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்டவையே. வீட்டு வரி சராசரியாக ஆண்டுக்கு 300 ரூபாய் என்றால் கேட்பு 2,40,000 ரூபாய். 500 குடிநீர் இணைப்புகளுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் 3,00,000 ரூபாய். தொழில் வரி 40,000 ரூபாய். கண்மாய் மீன்பிடிக் குத்தகையும் புளியமர மகசூல் ஏலமும் சேர்ந்து 60,000 ரூபாய். ஆக மொத்தக் கேட்பு 6,40,000 ரூபாய்.

ஊராட்சி அலுவலகத்தில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று சொற்களைச் சேர்த்தே சொல்வார்கள். கேட்பு என்பது வர வேண்டியது. வசூல் என்பது வந்தது. வீட்டு வரியில் 70 விழுக்காடும் குடிநீர்க் கட்டணத்தில் 60 விழுக்காடும் மட்டுமே வசூலானால், கைக்கு வருவது முறையே 1,68,000, 1,80,000 ரூபாய். ஏனையவை முழுமையாக வந்தால் மொத்த வசூல் 4,48,000 ரூபாய்.

இனிச் செலவு. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் மாதம் 35,000 ரூபாய் மின்கட்டணம் என்று கொண்டால், ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மீதி 28,000 ரூபாய். மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரின் ஊதியம், பழுதான மோட்டாரைக் கட்டும் செலவு, குளோரின் தூள், அலுவலகச் செலவு ஆகிய அனைத்தும் இன்னும் எழுதப்படவே இல்லை. இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி உண்டாகும். ‘தலைவர் எல்லாவற்றையும் சுருட்டிவிட்டார்’ என்ற பொதுவான முணுமுணுப்புக்கும், ‘இத்தனை ரூபாய் வந்தது, இத்தனை போயிற்று, இந்தப் பற்றுச்சீட்டு எங்கே?’ என்ற கேள்விக்கும் உள்ள தொலைவு அப்போது விளங்கும். பழி சுமத்துதல் எளிது. எவருக்கும் அதனால் தொல்லை இல்லை. எண்ணோடு கூடிய கேள்விதான் பதில் பெறும்.

இன்னொன்றையும் இக்கணக்கு காட்டும். நிலுவையில் நின்ற 1,92,000 ரூபாய் வந்திருக்குமானால் தொட்டி இயக்குபவருக்கு ஆண்டு முழுதும் ஊதியம் கொடுத்திருக்கலாம். நிலுவை வைத்தவர்கள் வேற்றூரார் அல்லர்.

கட்டுண்ட பணம்

மேலிருந்து வரும் பணம் முழுவதையும் ஊராட்சி தன் விருப்பப்படி செலவிட இயலாது. 2021 முதல் 2026 வரையான காலத்துக்கான பதினைந்தாவது நிதிக் குழுவின் ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காடு, குடிநீர், துப்புரவு ஆகிய இரண்டுக்கு மட்டுமே என்று கட்டப்பட்டிருந்தது. எஞ்சிய 40 விழுக்காடு கட்டற்றது. ஊரின் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம், ஆனால் ஊதியத்துக்கும் அலுவலக நிர்வாகச் செலவுக்கும் அன்று.

இந்தக் கருத்தை நம் வாசகர்களின் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. ஜகாத்துக்கு உரியவர் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆன் வரையறுத்திருப்பதை மதரசாவில் கற்ற பிள்ளை, அந்நிதியை எடுத்துப் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கக் கூடாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து என்பதையும் கேட்டிருக்கும். வக்பு செய்தவர் விதித்த நிபந்தனையை முத்தவல்லி மாற்றலாகாது என்பதையும் அறிந்திருக்கும். பொதுவான நன்கொடையை மஹல்லாவின் எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம். வீட்டு வரி ஜகாத் அன்று; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பெட்டிக்குப் பெட்டி பணத்தின் தன்மை வேறு, ஒரு பெட்டியின் பணத்தை இன்னொன்றில் போட்டால் அது முறைகேடு என்னும் அறிவு இப்பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உள்ளது. ஊராட்சியும் பொது நிதிக்கு ஒன்று, மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் செலுத்துவதற்கு ஒன்று, திட்டங்களுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கணக்குகள் வைத்திருப்பதன் பொருள் அதனால் உடனே புலப்படும்.

திரட்டிய இடத்திலேயே செலவிடுதல் என்ற கோட்பாட்டுக்கும் நம் மரபில் பழைய சான்று உண்டு. ஹிஜ்ரி 224-இல் மறைந்த அபூ உபைத் அல்காஸிம் பின் ஸல்லாம் தம் ‘கிதாபுல் அம்வால்’ நூலில் பதிவு செய்யும் செய்தி அது. யமனில் இருந்த முஆத் பின் ஜபல் (ரலி) அங்கே திரட்டிய ஜகாத்தின் மூன்றிலொரு பங்கை மதீனாவுக்கு அனுப்பியபோது கலீஃபா உமர் (ரலி) அதை விரும்பவில்லை. அவ்வூர்ச் செல்வரிடம் பெற்று அவ்வூர் ஏழையருக்குக் கொடுக்கவே உம்மை அனுப்பினோம் என்னும் பொருள்படக் கேட்டார். பெற்றுக்கொள்வார் எவரும் இங்கு எஞ்சவில்லை என்பதே முஆதின் விளக்கம். அடுத்த ஆண்டு பாதியும், அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்தன என்கிறது அச்செய்தி. தலைநகரமே பணத்தை மறுத்து, ஊரின் தேவை தீர்ந்ததா என்று கேட்ட காட்சி இது. நம் காலத்தில் பணம் செல்லும் திசையோடு இதை ஒப்பிட்டு மாணவர் விவாதிக்கலாம்.

கணக்குக் கேட்டல்

ஜகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) கடிந்துகொண்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. இமாம் புகாரி இதைப் பதிவு செய்யும் இடங்களுள் ஒன்று, ஆட்சித் தலைவர் தம் அலுவலரிடம் கணக்குக் கேட்டல் என்ற தலைப்பின் கீழ் உள்ளது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒழுக்கம் பற்றிய அறிவுரையாக மட்டும் நாம் மேடைகளில் சொல்லி வரும் நிகழ்ச்சியை, அவர் நிர்வாக நெறியாக வகைப்படுத்தியிருக்கிறார்.

தமிழ் மண்ணிலும் சான்று உண்டு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. மாணவர் அதை மட்டுமே படிக்கின்றனர். அங்கே ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். ஆயினும் அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கே உரியதாக இருந்தது. இதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பெருமைக்காகப் பாதி உண்மையைச் சொல்வது வரலாறாகாது.

நம் காலத்துக்கு வருவோம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற சிற்றூரில் நடத்திய மக்கள் விசாரணையில், வேலை நடந்ததாக எழுதப்பட்ட பதிவேடுகள் ஊரார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. ஏட்டில் இருந்ததும் ஊரில் இருந்ததும் பொருந்தாமை அந்த வாசிப்பிலேயே வெளிப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு இட்டுச் சென்ற இயக்கத்தின் முக்கியத் தொடக்கங்களில் அது ஒன்று. தகவல் உரிமைக்கென முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் 1997-இல் தமிழ்நாடுதான் என்றாலும், அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல். ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது நாம் காட்டும் கூர்மை வியப்பூட்டுவது. மினாராவுக்கு வாங்கிய வண்ணத்தின் விலையில் நூறு ரூபாய் கூடினாலும் எழுந்து நின்று கேட்கிறோம். காரணம், நாம் சந்தா செலுத்தியிருக்கிறோம். அதே நாம் கிராம சபை கூடும் நாளில் வீட்டில் இருக்கிறோம். அச்சபையில் வரவு செலவுக் கணக்கைப் பதாகையாக எழுதி வைக்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். வாசிக்க ஆளின்றி அப்பதாகை சுருட்டப்படுமானால் அதில் நமக்கும் பங்கு உண்டு.

இரண்டு முயற்சிகள்

பிற இடங்களில் நடந்தவற்றை விரைந்து நோக்கலாம். கர்நாடகத்தில் ‘மக்கள’ கிராம சபை என்ற பெயரில் சிறாருக்கான தனிச் சபை கூடும் முறை உண்டு. தமிழ் வாசகர் இதைப் பொதுமக்கள் சபை என்று கொள்ளக் கூடாது. கன்னடத்தில் அச்சொல்லுக்குக் குழந்தைகள் என்று பொருள். தமிழிலும் பழைய வழக்கில் ‘மக்கட்பேறு’ என்போம் அல்லவா? அச்சபையில் சிறார் தம் தேவைகளை ஊராட்சியின் முன் வைக்கின்றனர். மத்திய ஊராட்சி அமைச்சகம் 2025 அக்டோபர் 30-இல் மாதிரி இளையோர் கிராம சபைத் திட்டத்தைத் தொடங்கி, மாணவரே கிராம சபையை நடித்துக் காட்டி ஊர் வரவு செலவுத் திட்டம் தீட்டும் பயிற்சியை முதலில் நவோதயா, ஏகலவ்யா உறைவிடப் பள்ளிகளில் புகுத்தியது. தமிழகத்தில் நவோதயா பள்ளிகள் தொடங்கப்படவில்லை. இங்கு இப்பயிற்சி நடக்க வேண்டுமானால் அரசுப் பள்ளி ஆசிரியரும் ஊரில் உள்ள படித்தவர்களும் தாமே முன்வர வேண்டும்.

நடிப்புச் சபையில் ஒரு குறையும் காண்கிறோம். அங்கே பணம் கற்பனை. யாரும் எதையும் மறைப்பதில்லை. உண்மை ஏட்டைத் திறப்பதில் உள்ள தயக்கமும், கொடுப்பவர் கேட்பவர் இருவருக்கும் உண்டாகும் கூச்சமும் பாடத்தின் பகுதியே. 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பட்ட ‘இ-கிராம்ஸ்வராஜ்’ தளத்தில் ஊராட்சியின் பெயரைக் கொடுத்தால் அதன் ஆண்டுத் திட்டத்தையும் செலவு விவரங்களையும் எவரும் காணலாம். கற்பனை ஊராட்சியின் கணக்கைப் போட்டு முடித்த மாணவர், அடுத்த நாள் தம் ஊராட்சியின் பக்கத்தைத் திறக்கட்டும். அதில் எழுதப்பட்ட வடிகாலை நேரில் சென்று அடிக்கோல் வைத்து அளக்கட்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலங்களையும் இப்பாடத்தில் சேர்க்க வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து, 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் ஊரகத் தேர்தல் நடக்கும்வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. தேர்தல் நடவாமையால் மத்திய நிதிக் குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கூமாப்பட்டியை நோக்கி வெளியூர் வண்டிகள் திரண்ட அந்த ஜூன் மாதத்தில், அணையைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை.

அக்கேள்விக்கே திரும்புவோம். ஊரின் வரைபடத்தை மாணவர் வரைந்து, எந்தப் பகுதி யாருடைய பொறுப்பு என வண்ணம் தீட்டலாம். அணை நீர்வளத் துறைக்கு ஒரு வண்ணம். மேலே உள்ள காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. வனத்துறைக்கு வேறு வண்ணம். நெடுஞ்சாலைக்கு ஒன்று, ஒன்றியச் சாலைக்கு ஒன்று. பூங்காவுக்கான பத்துக் கோடி மாநில அரசின் வண்ணத்தில் வரும். தெருவும் தெருவிளக்கும் சாலையோரத்துத் தண்ணீர்ப் பாட்டில்களும் மட்டும் உள்ளாட்சியின் வண்ணத்தில் எஞ்சும். இனி வருகின்ற வண்டிகளிடம் நிறுத்தக் கட்டணம் வசூலிக்கலாமா, சாலையோரத் தற்காலிகக் கடைகளுக்கு உரிமக் கட்டணம் விதிக்கலாமா, அப்படி வரும் பணம் தூய்மைப் பணியாளரின் கூலிக்குப் போதுமா, அதற்கு எந்தத் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் நிறைவேற வேண்டும் என்பதை அவர்கள் கணக்கிட்டு எழுதட்டும்.